சனிக்கிழமை ஏழு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஓவர்லாக் டெய்லராகத் தொடங்கி இந்த இடத்துக்கு வந்தவன். பதினெட்டு வருடம் குடித்தேன். கடைசி ஆறு வருடம், காலையில் ஒரு குவார்ட்டர் போகாமல் கை நடுக்கம் நிற்காது. கடந்த ஜூனில் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து சிகிச்சை எடுத்தேன். இப்போது நாலு மாதம் ஆகிறது, தொடவில்லை. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாத்திரை சாப்பிடுகிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை போனேன். சர்ச் வளாகத்தில் ஒரு அறை. கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கியது. என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். நானும் சாமி கும்பிடாதவன். போதாததற்கு, எங்கள் கம்பெனிக்குக் காஜா பட்டன் அடித்துக் கொடுக்கும் யூனிட்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதான ஒருவர், “மாத்திரை சாப்பிடறதும் ஒரு போதைதான் தம்பி” என்றார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மனைவி தினமும் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்கிறாள். தீபாவளி போனஸ் வரப்போகிறது. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தாலே உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குப் பொருந்தும் கூட்டம் எங்காவது இருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, மனக்கட்டுப்பாட்டோடு நானே சமாளித்துவிடலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடவுள் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். காஜா பட்டன்காரர் பற்றி இரண்டு வரி. சனிக்கிழமை பற்றி, போகிற போக்கில் ஒரே வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்திரண்டு வருடமாகக் குடிநோய் சிகிச்சையில் ஆலோசகராக இருக்கிறேன். மீண்டும் குடிக்கத் தொடங்கி என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களிடம், “கடைசியாகக் குடித்தது என்றைக்கு, எத்தனை மணிக்கு, கையில் எவ்வளவு பணம் இருந்தது?” என்று கேட்பது வழக்கம். பதில்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கும். வேலை முடிந்த நேரம். சம்பளம் வந்த நாள். வீட்டுக்குப் போகும் வழி. தத்துவக் குழப்பத்தில் குடித்தேன் என்று யாரும் சொன்னதில்லை.

அதனால் உங்களுக்குப் பொருந்தும் கூட்டம் எது என்பதை முதலில் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. மறுநாள் லீவு. பதினெட்டு வருடமாக அந்த மாலை நேரத்துக்கு உங்கள் உடம்பு பழகியிருக்கிறது. சனிக்கிழமை ஏழு மணிக்கு நடக்கும் ஒரு சுமாரான கூட்டம், செவ்வாய்க்கிழமை நடக்கும் அருமையான கூட்டத்தைவிட உங்களுக்கு அதிகம் உதவும். அந்த நேரத்தில் உங்கள் கால் ஏதாவது ஒரு வாசலுக்குப் போயே தீரும். அது எந்த வாசல் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிஃப்ட் ஓட்ட வேண்டியிருக்கும். லைன் சூப்பர்வைசர் இல்லாமல் லைன் ஓடாது. ஆனாலும் சனிக்கிழமை மட்டும் அரை ஷிஃப்டுக்கு வேறொருவரை நிறுத்தும்படி மேனேஜரிடம் கேளுங்கள். காரணம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. “டாக்டர் வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கார்” என்றால் போதும், அது பொய்யும் இல்லை. மூன்று வாரம் உங்களை லீவில் விட்ட கம்பெனி, வாரத்தில் மூன்று மணி நேரம் விடாமல் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து தூரம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கூட்டம் முதல் மாதம் நன்றாக இருக்கும். மழை பெய்தால், தலை வலித்தால், மச்சான் வந்திருந்தால் நின்றுவிடும். அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் இடமாகப் பாருங்கள். போகும் வழியில் பழைய டாஸ்மாக் கடை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் வேறு வழியில் போங்கள், சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது மொழி. நகரங்களில் சில கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். அழுகை வருகிற விஷயத்தை அழுகை வருகிற மொழியில்தான் பேச முடியும். உங்களுக்குத் தமிழ்க் கூட்டம்தான்.

நேரம், தூரம், மொழி மூன்றும் சரியாக அமைந்த பிறகுதான் கொள்கை, ஆட்கள் எல்லாம்.

இனி கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரார்த்தனைக்காக எல்லோரும் எழுந்து நிற்கும்போது, அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கும். இதே காரணத்துக்காக எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் ஒரு வியாபார விஷயமாக அங்கே போயிருந்தார். குடியை விட்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் தோற்றுவிட்டது. ஹோட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி இருக்கிறது. உங்கள் சனிக்கிழமை மாலை எப்படிப்பட்டதோ, அவருக்கு அந்த மாலை அப்படிப்பட்டது. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். உள்ளூர் சர்ச்சுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசினார். தனக்காக ஜெபிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. தன்னைப்போலக் குடியோடு போராடும் இன்னொருவரோடு பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. குடித்தவரோடு குடித்தவர் உட்கார்ந்து பேசுவதுதான் மூலச்சரக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தவை.

வளர்ந்தவற்றில் கடவுளும் உண்டு, மறைக்க மாட்டேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் அந்தச் சொல் பலமுறை வரும். ஆனால் தொடக்க கால நியூயார்க் குழுவிலேயே உங்களைப்போல ஒருவர் இருந்தார். பெயர் ஜிம் பர்வெல். கடவுள் பேச்சை எதிர்த்துக் கூட்டத்திலேயே சண்டை போட்டவர். அவரைப் போன்றவர்கள் விடாமல் வாதாடியதால்தான் அந்தப் படிகளில் ‘கடவுள்’ என்பது ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று மாறியது. 1939-இல் வெளிவந்த ஏ.ஏ.வின் அடிப்படை நூலில் ஓர் அத்தியாயமே நம்பிக்கை இல்லாதவர்களை நோக்கி எழுதப்பட்டது. உறுப்பினராவதற்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். என்ன சாதி, என்ன மதம், சாமி உண்டா இல்லையா என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. பிரார்த்தனை நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்கலாம். உட்கார்ந்தே இருக்கலாம். யாராவது முறைத்தால் அது அந்த ஆளின் குறை.

சர்ச் அறை என்பதும் நீங்கள் நினைப்பது போன்றதல்ல. ஏ.ஏ. வெளியாட்களிடம் நன்கொடை வாங்காது. கூட்டத்தில் சுற்றிவரும் பையில் உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடும் பத்து ரூபாய், இருபது ரூபாயில்தான் வாடகையும் டீச் செலவும். அந்தக் காசுக்கு மாலை நேரத்தில் அறை தருகிறவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் சர்ச்சுகளும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும்தான். சுவரில் மாட்டியிருப்பது வீட்டுக்காரர் படம். குடியிருக்கிறவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உறுத்தினால்? உறுத்தலாம், அது தவறில்லை. ஸ்மார்ட் ரிகவரி என்று ஓர் அமைப்பு 1994 முதல் இருக்கிறது. கடவுள், பிரார்த்தனை எதுவும் இல்லாமல், ஆசை எழும்போது அதை எப்படிக் கையாள்வது என்று மனநலப் பயிற்சி முறையில் சொல்லிக்கொடுப்பார்கள். இணையவழிக் கூட்டங்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சில சிகிச்சை மையங்கள் தங்களிடம் குணமாகிப் போனவர்களுக்காகவே மாதம் ஒரு முறையோ இரு முறையோ குழுவாக உட்கார்ந்து பேசும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. நீங்கள் சிகிச்சை எடுத்த இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதையும் விடாதீர்கள். ஆனால் திருப்பூரில், தமிழில், சனிக்கிழமை மாலையில், காசில்லாமல் கிடைப்பது என்று பார்த்தால் ஏ.ஏ.வைத்தான் நான் முதலில் சொல்வேன். பகுத்தறிவு என்பது எது வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்ப்பதும்தானே? சோதிக்காமல் தள்ளினால் உங்கள் அப்பாவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

சோதனை என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி நினைவுக்கு வருகிறது. நீங்களே சமாளித்துவிடலாமா? சிலர் அப்படிச் சமாளித்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020-இல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளிகளை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சையில், ஓராண்டு கழித்துக் குடியை முழுமையாக விட்டிருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற சிகிச்சைகளில் 35 பேர். ஏழு பேர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அந்த 35 பேரும் தனியாகச் சமாளித்தவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற ஆலோசகர்களிடம் முறையாகச் சிகிச்சை எடுத்தவர்கள். சம்பளம் வாங்காத, படிப்புச் சான்றிதழ் இல்லாத, நேற்றுவரை குடித்துக்கொண்டிருந்த மனிதர்கள் கூடும் ஒரு கூட்டத்தோடு இணைத்துவிடும் சிகிச்சை, மற்ற சிகிச்சைகளுக்கு ஈடுகொடுத்து ஒரு படி மேலேயும் நிற்கிறது. என் தொழிலில் இருக்கிற யாரும் இதைப் பணிவோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மனக்கட்டுப்பாடு உங்களிடம் குறைவாக இல்லை. நடுங்கும் கையோடு காலை எட்டரைக்குப் போய் லைனைப் பார்த்துக்கொண்ட மனிதருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொல்வார்? அது காலையில் இருக்கிறது, சனிக்கிழமை மாலையில் காணாமல் போகிறது, அவ்வளவுதான். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வேறொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காஜா பட்டன்காரர் விஷயம். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பயப்படுகிறீர்கள். அவர் அங்கே எதற்காக வந்திருந்தார் என்று யோசித்தீர்களா? அன்றைக்கு இரவு அவரும் தூங்காமல் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். இத்தனை வருடத்தில் அதை மீறியவர்கள் யாருமே இல்லை என்று நான் உறுதி கொடுக்க முடியாது. மனிதர்கள்தானே. ஆனால் மீறல் அபூர்வம், ஏனென்றால் மீறுகிறவருக்கும் அதே அளவு நஷ்டம். இன்னொன்றும் சொல்கிறேன். திருப்பூரில் நீங்கள் குடித்தது யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பார் வாசலில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இப்போது தெரியப்போவது, குடியை விட்டது மட்டும்தான். அதற்கு மேலும் சங்கடமாக இருந்தால் அவிநாசி, பல்லடம், கோவைப் பக்கம் கூட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதல் சில வாரங்களுக்கு மட்டும் வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டுப் பிறகு உள்ளூருக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மாத்திரையைப் பற்றிச் சொன்ன பெரியவர் மீது எனக்குக் கோபம்தான். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் தவறு. நால்ட்ரெக்சோன் போதை தராது, அடிமையாக்காது. குடித்தால் கிடைக்கும் கிளர்ச்சியை மூளையில் மட்டுப்படுத்துகிற மருந்து அது. உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ. தன் வெளியீட்டிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த தடவை யாராவது இப்படிச் சொன்னால், “டாக்டரைக் கேட்டுக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். ஈரலைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு அவர் சொன்ன தேதியில் போகிறீர்கள்தானே?

இப்போது எப்படித் தேடுவது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் நான் ஒரு தவறு செய்தேன். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கையில் கூட்டங்களின் பட்டியலைக் கொடுத்து, “போங்க, ரொம்ப நல்லது” என்று அனுப்பிவைப்பேன். அடுத்த மாதம் வந்தால், “போகணும் மேடம், போகணும்” என்பார்கள். சோம்பல் என்று நினைத்தேன். பிறகுதான் 1981-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வைப் படித்தேன். இருபது நோயாளிகள், இரண்டு குழு. ஒரு குழுவுக்கு நான் செய்தது மாதிரி தகவல் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவில், ஆலோசகர் முன்னாலேயே ஓர் ஏ.ஏ. உறுப்பினருக்கு போன் போட்டுப் பேச வைத்து, அவரே கூட்டத்துக்கு அழைத்துப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. பேச வைத்த குழுவில் அத்தனை பேரும் போனார்கள். அன்றிலிருந்து நான் பட்டியல் கொடுப்பதில்லை. என் மேசையிலிருந்தே போன் போட்டு, நோயாளி கையில் கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்கு நடந்ததும் அதுதான். “போங்க” என்றார்கள். தனியாகப் போனீர்கள். தெரியாத அறை, தெரிந்த ஒரு முகம், பக்கத்தில் யாரும் இல்லை. பாதியில் எழுந்து வந்ததில் வியப்பில்லை.

எனவே இந்தத் தடவை இடத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். நீங்கள் சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் ஆலோசகரிடமோ சமூகப் பணியாளரிடமோ போய், “உங்களுக்குத் தெரிந்த, குடியை விட்டு ரெண்டு மூணு வருஷம் ஆன ஏ.ஏ. ஆள் ஒருத்தரோட பேச வையுங்க” என்று கேளுங்கள். ஏ.ஏ. உறுப்பினர்கள் இந்த மாதிரி மையங்களுக்கு வந்து போய்க்கொண்டிருப்பார்கள். புதியவருக்கு உதவுவது அவர்களுடைய பன்னிரண்டாவது படி. அவர்களுக்கும் அது மருந்து, தொந்தரவு கொடுக்கிறோம் என்று கூச்சப்படாதீர்கள். அது முடியாவிட்டால் ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

பட்டியலில் இருக்கும் நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அறை மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். பூட்டிய கதவின் முன்னால் சனிக்கிழமை ஏழு மணிக்கு நிற்பது உங்களுக்கு ஆபத்து. முன்தினமே போன் செய்யுங்கள். நாளைக்குக் கூட்டம் உண்டா, தமிழ்தானா, வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள், இது குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டமா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்று கேளுங்கள். கடைசியாக, “பஸ் ஸ்டாப்பில யாராவது எனக்காக நிக்க முடியுமா?” என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் “நானே வரேன், என்ன சட்டை போட்டிருப்பீங்க?” என்றுதான் பதில் வரும்.

உள்ளே போனபின் பேசியே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் முறை வரும்போது, “இன்னைக்குக் கேட்டுக்கறேன்” என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட்டு அறிவுரை சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வெளியே டீக்கடையில் நாலு பேர் நிற்பார்கள், அங்கே நில்லுங்கள். அறைக்குள் சொல்லாததை டீக்கடையில் சொல்வார்கள். போனஸ் பணத்தை எப்படிக் கையாண்டார்கள், மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் எப்படித் தப்பித்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு கூட்டத்தை ஆறு தடவை போகாமல் எடைபோடாதீர்கள். அது ஆய்வில் வந்த எண் அல்ல, என் அனுபவக் கணக்கு. முதல் இரண்டு தடவை உங்கள் பயம்தான் உங்கள் காதில் கேட்கும். மூன்றாவது நாலாவது தடவையில்தான் ஆட்கள் தெரியத் தொடங்குவார்கள். ஆறு முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: இங்கே யாராவது ஒருவர் சொன்னது என் கதை மாதிரி இருந்ததா? நான் உண்மையைச் சொன்னால் தாங்கிக்கொள்ளும் இடமா இது? இரவு பத்து மணிக்கு நான் கூப்பிட்டால் போன் எடுக்கக்கூடிய ஒருவராவது இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், சுவரில் என்ன படம் இருந்தாலும் அது உங்கள் கூட்டம். இல்லையென்றால் வேறு கூட்டம் பாருங்கள். மாறுவதில் தப்பில்லை. திண்டுக்கல் பக்கத்து எலெக்ட்ரீஷியன் ஒருவர் மூன்று குழு மாறி நாலாவதில் நிலைத்தார். அந்தக் குழுவில் மொத்தமே ஐந்து பேர்தான். “பெரிய கூட்டத்துல என்னால ஒளிஞ்சுக்க முடிஞ்சுதுங்க, இங்க முடியல” என்றார்.

உடனே விலக வேண்டிய இடங்களும் உண்டு. உறுப்பினர் கட்டணம் கேட்டால், கடன், சீட்டு, பாலிசி என்று பேச்சு வந்தால், மதம் மாறச் சொன்னால், மாத்திரையை நிறுத்தியே தீர வேண்டும் என்று குழுவே வற்புறுத்தினால், சறுக்கி விழுந்தவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால் அங்கே இருக்காதீர்கள். ஒரு பெரியவர் ஒரு தடவை உளறுவது வேறு, குழுவே அப்படி இருப்பது வேறு.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அம்மா, பதினெட்டு வருடம் வாசலில் காத்திருந்த பயம் நாலு மாதத்தில் போய்விடாது. வாயை ஊதச் சொல்வது உங்கள் பயம் பேசுவது, அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் வாசலில் சோதனை நடக்கிற வீட்டுக்குள் நுழைய அவருக்கும் கஷ்டம், சோதித்துச் சோதித்து உங்களுக்கும் தூக்கம் இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951 முதல் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர். கணவர்கள் உள்ளே கூடியிருக்க, வெளியே காத்திருந்த மனைவிமார் தங்களுக்குள் பேசத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அமைப்பு நடத்தும், குடிநோய்க்கான டி.டி.கே. மருத்துவமனையும் குடும்பத்தாரைச் சேர்த்தே சிகிச்சைக்கு வரச் சொல்லும் இடம். உங்கள் ஊரில் அல்-அனான் இல்லாவிட்டால் திறந்த ஏ.ஏ. கூட்டத்துக்குக் கணவரோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள். இன்னொன்று, யார் சொன்னாலும் எந்த மருந்தையும் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நண்பரே, சறுக்கல் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரும் என்று சொல்லவில்லை. ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாளே கூட்டத்துக்குப் போங்கள், அந்த அறையில் அதிர்ச்சி அடையப் போகிறவர் யாரும் இல்லை. ஆனால் தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டால், வீட்டில் படுத்துத் திடீரென்று தானாக நிறுத்தப் பார்க்காதீர்கள். நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நாலு நாளில் புத்தி தடுமாறி இல்லாததைப் பார்க்கும் நிலை வரலாம். அப்போது முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை, கூட்டம் பிறகு.

இப்போது போனஸ். தொகை உங்கள் கணக்கில் விழுகிறதா, கவரில் வருகிறதா என்று எழுதவில்லை. கவர் என்றால், அன்றைக்கு மனைவியைக் கம்பெனி வாசலுக்கு வரச்சொல்லிக் கையில் கொடுத்துவிடுங்கள். துணிக்கடைக்கு அங்கிருந்தே போகட்டும். லைனில் இருக்கும் பையன்கள், “அண்ணா, இன்னைக்கு ஒரு நாளுங்ணா” என்று கூப்பிடுவார்கள். அதற்குப் பதிலை இப்போதே யோசித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம். “ஈரல் கெட்டுப்போச்சு, டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்டா” என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பண்டிகை வாரத்தில் உங்கள் கூட்டம் நடக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நடக்காவிட்டால் இணையவழியில் தமிழ்க் கூட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் செல்போனில் ஏற்றி வையுங்கள். போன் எடுக்கிற அந்த நண்பரின் எண்ணைச் செல்போனில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டுத் தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போனஸ் நாளன்று ஷிஃப்ட் முடியும் மணிக்கு உங்களைக் கூப்பிடச் சொல்லி அவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவர் கூப்பிடும்போது நீங்கள் பஸ்ஸில் இருக்க வேண்டும்.